எனக்கு எந்தக் கிழமை?

வெளிநாட்டுப் பிரயாணம் புறப்படும் தம்பதிகளுக்கு என்னால் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் வியன்னா நகரத்தில் போய் இறங்காதீர்கள். அப்படியே இறங்கினாலும், அறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பாக்கெட் பால் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாங்கவில்லை. அதனால் வந்ததுதான் இந்த வாரக் கட்டுரை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷங்களுக்குப் பிறகு என் மனைவியும் நானும் தனியாகப் புறப்பட்ட முதல் பிரயாணம் அது. ம்யூனிக்கில் வேலையாக இருக்கும் என் மைத்துனன், "விமானச் சீட்டுக்கு மட்டும் பணம் சேர்த்துக்கொண்டு வந்துவிடுங்கள், அத்தான், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு வழியாகப் பணம் சேர்ந்தது. பையனை என் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு மே மாதத்தில் கிளம்பினோம். மைத்துனன் வீட்டில் நாலு நாள் தங்கிய பிறகு, "நீங்கள் இரண்டு பேர் மட்டும் வியன்னாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அவனே ரயில் ஏற்றி விட்டான். நாலு மணி நேரப் பிரயாணம். வியன்னாவில் இறங்கி, டிராம் பிடித்து, நாலாவது மாடியில் இருந்த எங்கள் அறைக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. வெளியே வெயில் இன்னும் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாளைக்கு என்னிடம் ஒரு ஜாபிதா தயாராக இருந்தது. பார்க்கவேண்டிய இடங்கள் பதினான்கு. அவற்றுக்கு முன்னால் கடைவீதி. உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் வாங்கவேண்டிய பரிசுகள் இருபத்திரண்டு. எல்லாவற்றையும் மணிக்கணக்குப் போட்டு ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். பத்திரிகைக்காரன் இல்லையா? நேரத்துக்கு முடித்துக் கொடுப்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே என் மனைவி எழுந்துவிட்டாள். அது அவளுக்கு வழக்கம். பெட்டியிலிருந்து பித்தளை பில்டரை எடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பிப் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி, அறை முழுவதும் கமகமவென்று மணந்தது. அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பால் இல்லை!

"இரு, ஐந்து நிமிஷத்தில் வாங்கி வருகிறேன்" என்று வீராவேசமாகக் கீழே இறங்கினேன். ஐந்து நிமிஷம் அரை மணியாயிற்று. இந்தத் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு எல்லாம் சுற்றினேன். பெரிய பெரிய கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் பால், தயிர், வெண்ணெய் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தெருவில் நானும் ஒரு புறாக் கூட்டமும்தான். எங்கோ ஒரு மாதா கோயில் மணி அடித்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

ஆஸ்திரியா தேசத்தின் சட்டம் அப்படி. 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாத்திய கடைகளைப் பொதுவாகத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் திறக்கவேண்டும். ரொட்டிக் கடை, ரயில் நிலையக் கடை என்று சில விதிவிலக்குகள் உண்டு. ரயில் நிலையத்தில் கடை இருக்கும் என்ற ரகசியம் எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. முந்தின நாள் அதே கடையின் வாசல் வழியாகத்தான் நாங்கள் பெட்டிகளைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு வந்திருந்தோம்!

கையில் பால் இல்லாமலும், ஜாபிதாவில் கடைவீதி இல்லாமலும் மாடி ஏறி வந்தேன். "ஊரையே பூட்டி வைத்துவிட்டார்கள்" என்றேன்.

"போகட்டும், விடுங்க. வெளியே போய் எங்காவது காப்பி குடிப்போம்" என்றாள் என் மனைவி. அந்த டிகாக்ஷனை அவள் வீணாக்கவில்லை. சர்க்கரை போட்டு இருவரும் ஆளுக்கு ஒரு வாய் கஷாயம்போல் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

வியன்னாக் காப்பிக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1683-இல் துருக்கியப் படை இந்த நகரத்தை முற்றுகையிட்டுத் தோற்று ஓடியபோது மூட்டை மூட்டையாகக் காப்பிக் கொட்டையை விட்டுப் போனது என்றும், அதை வைத்துத்தான் இங்கே முதல் கடை ஆரம்பமாயிற்று என்றும் ஒரு கதை உண்டு. கதை சுவையாக இருக்கிறது. ஆனால் சரித்திரக்காரர்கள் காட்டும் முதல் கடைக்காரர் ஜோஹன்னஸ் டியோடாட்டோ என்ற ஆர்மீனியர்; வருஷம் 1685. அதிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்தவர்கள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. 2011-இல் ஆஸ்திரியா தன்னுடைய பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் வியன்னாவின் காப்பிக் கடைப் பழக்கத்தையும் சேர்த்துவிட்டது. கட்டடத்தை அல்ல, காப்பியையும் அல்ல; உட்கார்ந்திருக்கும் பழக்கத்தை!

நாங்கள் நுழைந்த கடையில் சலவைக்கல் மேஜைகள், வளைந்த மர நாற்காலிகள், மரச் சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள் எல்லாம் இருந்தன. கறுப்புக் கோட்டு அணிந்த பெரியவர் ஒருவர் பரிமாறினார். 'மெலாஞ்' என்று கேட்டோம். காப்பி பாதி, நுரைத்த பால் பாதி. சின்ன வெள்ளித் தட்டில் காப்பிக் கோப்பையும், பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீரும், தம்ளரின் மேல் குறுக்கே ஒரு கரண்டியும் வந்தன. தண்ணீர் தீர்ந்ததும் கேட்காமலே இன்னொரு தம்ளர் வந்தது. பில் மட்டும் வரவேயில்லை. அங்கே நாமாகக் கேட்டால் ஒழிய அது வராதாம். ஒரு கோப்பை காப்பிக்கு ஒரு நாள் முழுவதும் உட்காரலாம். யாரும் முகத்தைச் சுளிக்கமாட்டார்கள். "சார், ஆள் நிக்குது" என்ற குரலைக் கேட்டே வளர்ந்த எனக்கு, நாற்காலியில் நிம்மதியாகச் சாயவே கால் மணி நேரம் பிடித்தது.

பெரியவருக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது. பேச்சுவாக்கில், "ஊருக்கெல்லாம் ஓய்வு, உங்களுக்கு மட்டும் வேலையா?" என்று கேட்டேன்.

அவர் புன்சிரிப்புடன், "என்னுடைய ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்க்கிழமையன்று வருகிறது" என்றார். காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அதை ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொள்ளவும் செய்தேன். எதிரே பார்த்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. கரண்டியால் நுரையை மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்கு எந்தக் கிழமைங்க?" என்றாள்.

சண்டைக்காகக் கேட்ட கேள்வி இல்லை. குரலில் கோபமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

என் மனைவி ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறாள். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான், என்னைப்போலவே. ஆனால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். மற்ற நாள் இட்டிலியோடு போகிற காலைப் பலகாரம், அன்று பூரி கிழங்காகவோ அடை அவியலாகவோ மாறும். பையனுக்கு எண்ணெய் ஸ்நானம். 'ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு நடை வந்துவிட்டுப் போகலாம்' என்று வருகிற உறவினருக்கு மத்தியானச் சாப்பாடு. மூன்று மணிக்கு நான் தூங்கி எழுந்தால் பஜ்ஜி. அப்புறம் வாரத்துக்கு வேண்டிய மாவு அரைப்பது, பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது. என்னுடைய ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சுகமாக இருப்பதற்குக் காரணம், அவளுக்கு அது இல்லாமல் இருப்பதுதான்.

"நான் உதவி செய்வதில்லையா?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"செய்யறீங்க. இல்லேன்னு சொல்லலை. உதவி செய்யறீங்க" என்றாள். அந்த 'உதவி' என்ற வார்த்தையின்மேல் ஒரு சின்ன அழுத்தம் விழுந்தது. வேலை யாருடையது என்பதை அந்த ஒரு வார்த்தையே சொல்லிவிடுகிறது அல்லவா?

ஞாயிறு என்றால் சூரியன். ஜெர்மன் பாஷையிலும் 'ஸோன்டாக்', சூரியனின் நாள்தான். ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 321-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு கட்டளை போட்டார். சூரியனுடைய நாளில் நீதிபதிகளும் நகரவாசிகளும் கைத்தொழில் செய்கிறவர்களும் ஓய்வெடுக்கவேண்டும். குடியானவர்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்க்கலாம். விதைக்கிற பருவம் தப்பினால் திரும்பி வராது என்பது காரணம். அடுப்படியைப் பற்றி அந்தக் கட்டளை ஒன்றும் சொல்லவில்லை.

நம் தேசத்துத் தொழிலாளிகளுக்கு இந்த ஓய்வு சும்மா கிடைத்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் போராடி, 1890-இல்தான் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இசைந்தார்கள். மறு வருஷம், 1891-இல், வாராந்தர விடுமுறை தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஏறியது. அதற்கு முன்னால் நம்மிடம் ஓய்வு நாளே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அமாவாசையன்று பல ஊர்களில் ஏர் பூட்டமாட்டார்கள். தச்சரும் கொல்லரும் உளியைத் தொடமாட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் அமாவாசை, பௌர்ணமியில் விடுமுறை. ஆனால் அதே அமாவாசையன்று வீட்டுக்குள்ளே என்ன நடந்தது? தலைக்குக் குளித்து, மடியாகச் சமைத்து, வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். கலப்பைக்கு ஓய்வு, கரண்டிக்கு இரட்டை வேலை! கிழமை மாறியிருக்கிறது, மற்றது அப்படியேதான் இருக்கிறது.

இதையெல்லாம் அங்கே உட்கார்ந்து நான் பிரசங்கம் செய்யவில்லை. நல்லவேளை! "இப்போது எங்கே போகவேண்டும் என்று நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டேன். பதினான்கு இடங்கள் எழுதிய காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"எங்கேயும் போகவேண்டாம். டிராமில் ஏறி, அது எங்கே போகிறதோ அங்கே போகலாம்" என்றாள்.

முதலாம் நம்பர் டிராமில் ஏறினோம். அது பெரும்பாலும் 'ரிங்' என்ற வட்டச் சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. முன்காலத்தில் அங்கே கோட்டை மதில் இருந்தது. 1857-இல் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அதை இடிக்க உத்தரவிட்டு, மதில் இருந்த இடத்தில் ராஜபாட்டை போட்டார். சங்கீத நாடக மாளிகை, பார்லிமெண்ட், நகர மண்டபம் என்று என் காகிதத்தில் இருந்த இடங்களில் பாதி, ஜன்னலுக்கு வெளியே தாமாகவே வரிசையாக வந்து தரிசனம் கொடுத்துவிட்டுப் போயின. நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைத் தட்டி, "சும்மா பாருங்க" என்றாள்.

டிராம் கடைசியாக நின்ற இடம் பிராட்டர். ராஜ குடும்பம் வேட்டையாடுவதற்காக வைத்திருந்த காடு அது. 1766-இல் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப், எல்லா ஜனங்களும் வரலாம் என்று திறந்துவிட்டார். ஊரையே அங்கே பார்த்தோம். கடைகள் சாத்தியிருந்தால் ஜனங்கள் எங்கே போவார்கள் என்ற என் சந்தேகமும் தீர்ந்தது. தாத்தா பாட்டிமார், தள்ளுவண்டியில் குழந்தைகள், சைக்கிளில் பையன்கள், புல்லில் படுத்துப் புஸ்தகம் படிக்கும் பெண்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் புட்டியைக் குலுக்கும் தகப்பனார்கள் கூட நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களை என் மனைவி பார்த்தாள். நான் மரங்களைப் பார்த்தேன்.

பார்க்கத் தகுந்த மரங்கள்தான். பிராட்டரின் நடுவே நாலரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, நூல் பிடித்தாற்போல் ஒரு சாலை ஓடுகிறது. மோட்டார் வண்டிகள் அதில் வரக்கூடாது. இரண்டு பக்கமும் செஸ்ட்நட் மரங்கள். மே மாதமாகையால் கிளைக்குக் கிளை வெள்ளைப் பூங்கொத்துகள், கார்த்திகைக்கு வரிசையாக விளக்கு ஏற்றி வைத்ததுபோல் நிமிர்ந்து நின்றன. 2019-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, கென்யா தேசத்து எலியுட் கிப்சோகே என்ற வீரர் 42 கிலோமீட்டருக்கு மேலான மராத்தன் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடிக் காட்டியது இந்தச் சாலையில்தான். அதற்கு முன் இரண்டு மணிக்குள் அந்தத் தூரத்தை ஓடிய மனிதர் கிடையாது. அதே சாலையில் நாங்கள் ஒரு மணி நேரத்தில் ஒரு மைல்கூட நடந்திருக்கமாட்டோம். அது எங்கள் சாதனை.

மரங்களுக்கு மேலே தூரத்தில் ராட்சச ராட்டினம் தெரிந்தது. 1897-இல் கட்டியது, உயரம் ஏறக்குறைய 65 மீட்டர். இரண்டாவது மகாயுத்தத்தின்போது 1944-இல் தீப்பற்றி எரிந்துபோய், 1947-இல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. முதலில் முப்பது பெட்டிகள் இருந்தனவாம். திரும்பக் கட்டியபோது பதினைந்துதான் மாட்டினார்கள். சுற்றுகிறதா நிற்கிறதா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு நிதானமாக அசைந்துகொண்டிருந்தது.

"ஏறலாமா?" என்றேன்.

"இங்கேயே கொஞ்சம் உட்காரலாம்" என்றாள்.

ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். கைப்பையிலிருந்து புளிக்காய்ச்சல் தடவிய ரொட்டித் துண்டுகளை எடுத்தாள். முந்தின நாள் ரயிலுக்கு மைத்துனன் வீட்டில் கட்டிக் கொடுத்ததில் மீதி. தின்றோம். ஊரில் பையன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று பேசினோம். கொஞ்ச நேரம் கழித்து நான் ஏதோ கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். என் தோளில் சாய்ந்தபடி தூங்கிப் போயிருந்தாள்.

வாசகர்களே, பகல் நேரத்தில் என் மனைவி தூங்கி நான் பார்த்தது, ஜுரம் வந்த நாட்களிலும் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களிலும் மட்டும்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், சும்மா, தூக்கம் வந்ததால் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. கையை அசைத்தால் விழித்துவிடுவாளோ என்று பயந்து, மரத்துப்போன தோளோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். பூக்கள் ஒன்றிரண்டு அவள் புடைவையில் விழுந்தன. ராட்டினம் எத்தனை சுற்று சுற்றியதோ, நான் எண்ணவில்லை.

விழித்தவள், பதறிப்போய், "மணி என்ன? எவ்வளவு நேரம் வீணாயிடுச்சு! எழுப்பக் கூடாதா? எவ்வளவு இடம் பார்த்திருக்கலாம்!" என்றாள். வியன்னாவுக்கு வந்தும் அந்தப் பதற்றம் மட்டும் கூடவே வந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் கடைகள் திறந்தன. பாலும் வந்தது, இருபத்திரண்டு பரிசுகளில் பத்தொன்பதும் வாங்கியாயிற்று. ஆனால் ஊருக்குத் திரும்பியபோது நான் கொண்டுவந்த முக்கியமான சாமான் அவள் கேட்ட அந்தக் கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமையை அவளுக்கு ஒதுக்க முடியாது என்று உடனே தெரிந்துவிட்டது. உறவினர்களுக்கு ஆஸ்திரியா தேசத்துச் சட்டம் செல்லாது. ஆனால் 2015-லிருந்து பாங்கிகளுக்கு மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை விடுமுறை. அந்த இரண்டு நாளும் அவளுடைய 'செவ்வாய்க்கிழமை' என்று தீர்மானம் செய்தோம். அந்த நாட்களில் சமையலறை என்னுடையது. உதவி அல்ல, பொறுப்பு. பாலுக்கு உறை ஊற்றுவதிலிருந்து, மறுநாளைக்குப் பருப்பு இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பது வரை.

முதல் சனிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தேன். பில்டரை எடுத்துப் பொடி போட்டேன். சத்தம் கேட்டு என் தாயார் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார்கள். "என்னடா இது கூத்து? நகரு, நான் போடறேன்" என்று கரண்டியைப் பிடுங்க வந்தார்கள்.

பின்னாலேயே வந்த என் மனைவி, "அத்தை, நீங்களும் வந்து உட்காருங்க. உங்களுக்கும் இன்னிக்குத்தான்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வி என் மனைவியோடு நிற்கவில்லை. அறுபத்தேழு வயசாகிறது என் தாயாருக்கு. அந்தக் கேள்வியை அவர்கள் யாரிடமும் கேட்டதில்லை. யாரும் அவர்களைக் கேட்டதுமில்லை.

இரண்டு டபராவில் காப்பி கொண்டுபோய் வைத்தேன். வெள்ளித் தட்டு இல்லாவிட்டாலும், பக்கத்தில் ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைக்க மறக்கவில்லை. என் தாயார் ஒரு வாய் குடித்தார்கள். முகத்தைக் கொஞ்சம் சுளித்தார்கள்.

"டிகாக்ஷன் தண்ணியா இருக்கு" என்றார்கள்.

ஆனால் டபராவைக் கீழே வைக்கவில்லை. காப்பி ஆறும்வரை அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.